மறைத்து எடுத்துச் செல்ல முதல் கைத்துப்பாக்கி: அமெரிக்காவில் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதல் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். கடையின் கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கைக்குள் அடங்கும் மிகச் சிறிய ஒன்று கண்ணில் படுகிறது. ‘சட்டைக்குள் தெரியாது, கைக்கும் பாரமில்லை’ என்று எடுத்துவிடுகிறார்கள். மனைவிக்கு வாங்கிக் கொடுக்கும் கணவர்கள் இதையே இன்னும் நம்பிக்கையோடு செய்கிறார்கள். சுடும் பயிற்சிக்கூடமான ரேஞ்சில் முதல் பெட்டித் தோட்டா தீர்வதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை சிவந்துபோகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கண் தானாக மூடிக்கொள்கிறது. அதன்பின் அந்தத் துப்பாக்கி அலமாரிக்குப் போய்விடும். பயிற்சியும் அதோடு நின்றுபோகும்.

துப்பாக்கி சிறிதாகச் சிறிதாக, சுடுவது கடினமாகும். இதற்குக் காரணம் எடைதான். ஒரே 9 மி.மீ. தோட்டாவைச் சுடும்போது, காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) சுமார் 670 கிராம் எடையுள்ள க்ளாக் 19 உதைப்பில் ஒரு பங்கைத் தன் எடையிலேயே வாங்கிக்கொள்கிறது. சுமார் 500 கிராம் எடையுள்ள சிக் சாவர் பி365 கையில் இன்னும் சுள்ளென்று உதைக்கும். சட்டைப்பைத் துப்பாக்கி என்று சொல்லப்படும் ரூகர் எல்சிபி 300 கிராம்கூட இராது. அது .380 என்ற மென்மையான தோட்டாவைச் சுட்டாலும் கை நோகும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இல்லை. குழல் குட்டையாக இருப்பதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலான தூரமும் குறைகிறது. குறியில் வரும் சிறு பிசகுகூட இலக்கில் பெரிதாகத் தெரியும். இவை நன்றாகச் சுடப் பழகியவர்கள் இரண்டாவதாக வாங்க வேண்டியவை.

வாங்கலாமா, முதலில் அதைப் பாருங்கள்

தமிழர்களில் பலர் இதைக் கேட்காமலே கடைக்குப் போய்விடுகிறார்கள். குடியுரிமை பெற்றவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் கைத்துப்பாக்கி வாங்கலாம். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் அவருடைய துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் ‘வைத்திருப்பது’ என்ற கணக்கில் வரும். வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டுதான். ஆனால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்குக் கிரீன் கார்டு, மற்றவருக்கு இன்னும் ஹெச்-4 என்றால் கூடுதல் கவனம் தேவை. துப்பாக்கிப் பெட்டியின் எண்ணோ சாவியோ ஹெச்-4 இல் இருப்பவரிடம் இருக்கக்கூடாது. அவர் கைக்கு எட்டும்படி வைத்தால் அவரும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் ஒரு எச்சரிக்கை: துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், அதுவே நாடு கடத்தலுக்குப் போதுமான காரணம்.

உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாநிலத்திலேயே வாங்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவீர்கள். அதன்பின் கடைக்காரர் பின்னணிச் சோதனை நடத்துவார். குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை, போதைப்பொருள் பழக்கம் பற்றியெல்லாம் படிவத்தில் கேள்வி உண்டு. கஞ்சாவை உங்கள் மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அதை ஏற்பதில்லை. படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம். வாங்கத் தகுதியில்லாத இன்னொருவருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் அப்படியே.

அடுத்தது மாநிலச் சட்டம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, தனிப்பட்ட காரணத்தை நிரூபித்தால்தான் எடுத்துச் செல்லும் உரிமம் என்ற கெடுபிடி எங்கும் செல்லாது. ஆனால் பயிற்சி, விரல்ரேகை, கட்டணம், காத்திருப்பு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதானவர் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் எடுத்து வைப்பதே நல்லது. பல பிற மாநிலங்கள் அந்த உரிமத்தை மதிக்கின்றன. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சித் தடையிலிருந்தும், உரிமம் தந்த மாநிலத்துக்குள் அது விலக்குத் தருகிறது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் பெற்றோருக்கு இந்த 1,000 அடி தினசரி வழி.

நியூஜெர்சியில் அடையாள அட்டை தனி, ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் வாங்கும் அனுமதி தனி. மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கலிஃபோர்னியாவிலும் அதே 10 தான் வரம்பு. 10 நாள் காத்திருக்க வேண்டும். கடைகள் புதிதாக விற்கும் மாதிரி மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லினாயில் முதலில் ஃபாய்டு என்னும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை, பிறகு எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு 16 மணி நேரப் பயிற்சி. சட்டம் அடிக்கடி மாறுவதால் மாநிலக் காவல் துறையின் இணையப் பக்கத்தை அன்றன்று பாருங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எந்தத் தோட்டா

இதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. 9 மி.மீ. போதும். 1986 இல் மயாமியில் தன் அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சண்டைக்குப் பின் பெரிய தோட்டாக்களைத் தேடிப்போன எஃப்.பி.ஐ., பல ஆண்டுகளுக்குப் பிறகு 9 மி.மீ.க்கே திரும்பி வந்தது. தோட்டாவின் வடிவமைப்பு அந்த அளவுக்குத் தேறிவிட்டது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், உதைப்பும் தாங்கக்கூடியது. வாதநோயாலோ பழைய காயத்தாலோ கையில் வலுவில்லாதவர்கள் .380 பக்கம் போகலாம்.

பயிற்சிக்கு, உலோக உறை முழுதும் மூடிய சாதாரணத் தோட்டா. உடன் எடுத்துச் செல்ல, முனையில் குழியுள்ள தோட்டா. குழி முனை உடலில் பட்டதும் விரிந்து வேகத்தை இழக்கும். ஊடுருவி வெளியேறிப் பின்னால் நிற்கும் வேறொருவரைத் தாக்கும் ஆபத்து குறைகிறது. ஜெலட்டின் சோதனையில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது எஃப்.பி.ஐ. வைத்த அளவுகோல். ஃபெடரல் ஹெச்எஸ்டி, ஸ்பீர் கோல்டு டாட் இரண்டும் இதில் நீண்ட காலமாக நல்ல பெயர் எடுத்தவை. நியூஜெர்சியில் மட்டும் குழி முனைத் தோட்டாவை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கையில் பிடித்துப் பாருங்கள்

கடையில் துப்பாக்கியைக் கேட்டதும் விற்பனையாளர் மேகசினைக் கழற்றி, மேலே முன்பின் நகரும் ஸ்லைடைத் திறந்து, காலி என்று காட்டித் தருவார். வாங்கியதும் நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். அது அவமரியாதை ஆகாது. அப்படிச் செய்கிறவரைக் கடைக்காரருக்குப் பிடிக்கும். குழல்வாய் எந்த ஆளின் பக்கமும் திரும்பாதிருக்கட்டும். விரல் விசைக்கு (டிரிகர்) வெளியே, துப்பாக்கியின் உடற்சட்டத்தின் மேல் நீட்டியபடி இருக்கட்டும்.

இப்போது பிடியின் உச்சியில், ஸ்லைடுக்குக் கீழே எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே கையை ஏற்றிப் பிடியுங்கள். குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கடைக்காரர் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் நீட்டி, விசையில் விரலை வையுங்கள். விரல் நுனியின் சதைப்பகுதி விசையின் மேல் தானாக அமர்ந்தால் அளவு சரி. எட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கைக்குள் திருப்ப வேண்டியிருந்தால் அது உங்கள் கைக்குப் பெரியது. முதல் மடிப்பையும் தாண்டி விரல் உள்ளே போய்விட்டால் சிறியது. சில மாதிரிகளில் பிடியின் பின்பகுதியை மாற்றிப் போடலாம். அதைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஸ்லைடு. பலர், குறிப்பாகப் பெண்கள், ‘இழுக்க வரவில்லை’ என்று இங்கேதான் மனம் தளர்ந்து ரிவால்வர் பக்கம் திரும்புகிறார்கள். பெரும்பாலும் குறை கையின் வலுவில் இருப்பதில்லை, முறையில்தான் இருக்கிறது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, இடது உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து கவ்விக்கொண்டு, ஸ்லைடை அப்படியே நிறுத்தி வைத்து, வலது கையால் பிடியை முன்னோக்கித் தள்ளுங்கள். தோளின் பலம் அதில் சேரும். இப்படிச் செய்தும் வரவில்லையென்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி போன்று இலகுவான ஸ்பிரிங் உள்ளவற்றைப் பாருங்கள். ஐந்து தோட்டா கொள்ளும் சிறு ரிவால்வரைப் ‘புதியவருக்கு எளிது’ என்று சொல்லி விற்பதை நாங்கள் ஏற்பதில்லை. அதன் விசை நீளமானது, கனமானது. குறி சின்னது, உதைப்பு கடுமையானது. நன்றாகச் சுட அதிகப் பயிற்சி கேட்பது அதுதான்.

வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்

கடையில் கைக்கு இதமாக இருப்பது சுடும்போதும் இதமாக இருக்கும் என்பதில்லை. பெரும்பாலான ரேஞ்சுகளில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். சில இடங்களில் ஒரே கட்டணத்தில் மாற்றி மாற்றிச் சுடவும் விடுவார்கள். அதற்கு முன் ஒரு அடிப்படை வகுப்பு முடித்துவிடுங்கள். மூன்று மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உள்ளரங்கு என்றால் காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுறை என்று இரண்டும் போடுங்கள். சத்தத்தில் ஏற்படும் திடுக்கிடலைத்தான் பலர் துப்பாக்கியின் உதைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒப்பிட ஒரு எளிய வழி: 7 கஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, அவசரமில்லாமல் 10 தோட்டா. எந்தத் துப்பாக்கியில் அதிகம் தட்டுக்குள் விழுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 தோட்டாவுக்குப் பிறகு இன்னும் 10 சுட வேண்டும் என்று தோன்றுகிறதா, போதும் என்று தோன்றுகிறதா என்பதையும் குறியுங்கள். இரண்டாவது குறிப்பு முதலாவதைவிட முக்கியம். சுட விருப்பமில்லாத துப்பாக்கியில் யாரும் பயிற்சி செய்வதில்லை.

வலக்கைக்காரருக்குத் தோட்டாக்கள் கீழே இடப்பக்கமாக விழுந்தால் துப்பாக்கியின் குறியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே அமுங்குகிறது. மேகசினில் நண்பரை விட்டு இடையிடையே வெடிக்காத டம்மித் தோட்டா ஓரிரண்டு போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது துப்பாக்கியின் மூக்கு கீழே குத்துவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி வெளியேறாமல் ஸ்லைடில் சிக்கி நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். பிடி உறுதியாக இல்லாதபோது உடற்சட்டமும் சேர்ந்து பின்னே நகர்ந்து, ஸ்லைடு முழுத் தூரம் போகாமல் திரும்பிவிடும். விரலை விசையிலிருந்து எடுத்து, மேகசின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்து விட்டால் சரியாகும்.

நடுத்தர அளவில் தேடுங்கள்

மறைப்பதில் தொல்லை தருவது பிடிதான். குழல் இடுப்புக்குக் கீழே காற்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது. பிடியின் அடிநுனிதான் சட்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் குட்டைக் குழலைத் தேடி அலைய வேண்டாம். பிடி மெலிதாகவும் சற்றுக் குட்டையாகவும் இருந்தால் போதும். குழல் கொஞ்சம் நீளமாக இருந்தால், அது கீழே அழுந்திப் பிடியை உடம்போடு ஒட்ட வைக்க உதவவும் செய்கிறது.

இந்தக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியவை: 10 தோட்டா கொள்ளும் க்ளாக் 43எக்ஸ், அதே பிடியும் நீளமான குழலும் உள்ள க்ளாக் 48, 12 தோட்டா கொள்ளும் சிக் பி365 எக்ஸ்எல், நீள மேகசினில் 13 கொள்ளும் ஷீல்டு பிளஸ். 15 கொள்ளும் க்ளாக் 19 சுடுவதற்கு இவற்றைவிட இதமானது. ஆனால் சற்றுத் தடிமன். உடல்வாகு மெலிந்தவருக்கு மறைப்பது சிரமம். 10 தோட்டா வரம்புள்ள மாநிலத்தில் இருப்பவர் க்ளாக் 19 வாங்கினால் தடிமனைச் சுமந்துகொண்டு தோட்டாவை இழக்கிறார். அங்கே, மாநிலம் அதன் விற்பனையை அனுமதித்தால், 43எக்ஸ் பொருத்தம்.

விசையைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புத் தாழ் உள்ளதா, இல்லாததா என்பது உங்கள் விருப்பம். உள்ளதை வாங்கினால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கட்டைவிரல் அதைத் தள்ளும்படி பழக வேண்டும். சில நாள் போட்டு, சில நாள் போடாமல் விடுவதுதான் ஆபத்து. இன்னொன்றும் பாருங்கள்: க்ளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றும் முன் விசையை அழுத்த வேண்டும். பி365 இல் வேண்டியதில்லை. காலி என்று நினைத்து விசையை அழுத்தி, உள்ளே இருந்த ஒரு தோட்டா வெடித்த விபத்துகள் உண்டு. மேகசினை முதலில் எடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். கண்ணால் பார்த்துச் சுண்டுவிரலால் தடவியும் பாருங்கள்.

ஹோல்ஸ்டரும் பெல்ட்டும்

துப்பாக்கிக்கு 500 டாலர் கொடுத்தவர் 15 டாலர் துணி உறையில் அதைச் செருகி நடக்கிறார். தானாக வெடித்தது என்று சொல்லப்படும் பல விபத்துகளில், விசைக்குள் ஏதோ புகுந்திருக்கும்: சட்டை நுனி, ஜாக்கெட்டின் நாடா, நைந்து மடங்கிய தோல் உறையின் விளிம்பு. விசைப்பகுதியை முழுதும் மூடி, வெளியிலிருந்து அழுத்தினாலும் வளையாத கைடெக்ஸ் என்னும் கடின பிளாஸ்டிக் உறையை, உங்கள் மாதிரிக்கென்றே வார்த்ததாக வாங்குங்கள். துப்பாக்கி வெளியே வந்தபின்னும் வாய் திறந்தே நிற்க வேண்டும். கவிழ்த்து லேசாகக் குலுக்கினால் காலித் துப்பாக்கி விழக்கூடாது. 60 முதல் 100 டாலர் வரை ஆகும். தடித்த, வளையாத 1.5 அங்குல பெல்ட்டுக்கு இன்னும் 50 டாலர் ஒதுக்குங்கள். தொளதொள பெல்ட்டில் எந்த உறையும் சாயும்.

உறையில் திரும்ப வைக்கும்போதுதான் அதிக விபத்து. அதற்கு எந்த அவசரமும் கிடையாது. சட்டையை முழுதாகத் தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை உடற்சட்டத்தின் மேல் நீட்டி, மெதுவாக இறக்குங்கள். வயிற்றுப் பக்கம் வைப்பவர்கள் இடுப்பை முன்தள்ளி உடலைப் பின்சாய்த்தால் குழல்வாய் தொடையை விட்டு விலகும். புதியவர்கள் துப்பாக்கியை மேசையில் உறைக்குள் வைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து பெல்ட்டில் மாட்டுவது இன்னும் நல்லது.

சுடிதார், குர்தா அணிபவர்களுக்கு பெல்ட் இராது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையில், விசையை மூடும் கடினக் கூடு உள்ளதை மட்டும் வாங்குங்கள். கைப்பைக்குள் வைப்பதைத் தவிர்க்கலாம். பையை நாற்காலியில் தொங்கவிடுவோம், குழந்தை எட்டி எடுக்கும், பறித்துக்கொண்டு ஓடுபவன் முதலில் பறிப்பதும் அதைத்தான்.

வீட்டில்

துப்பாக்கி வாங்கும் நாளிலேயே பெட்டகமும் வாங்குங்கள். எண் அழுத்திச் சட்டென்று திறக்கும் சிறு பெட்டகத்தைச் சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டுப் பொருத்துங்கள். அலமாரியின் மேல்தட்டு, தலையணை அடி, மடித்த புடவைக்குள் என்று எதுவும் பிள்ளைக்குத் தெரியாத இடம் இல்லை. உடம்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டுக்குள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்விலோ, விவாகரத்து, வேலையிழப்பு போன்ற நெருக்கடியிலோ இருந்தால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே இருந்தால், கொஞ்ச காலம் வீட்டுக்கு வெளியே வைக்க முடியுமா என்று கடையிலோ ரேஞ்சிலோ கேளுங்கள். 988 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கிடைக்கும்.

முதல் மாதம்

வாங்கியவுடன் இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 200 சாதாரணத் தோட்டா, அதன்பின் எடுத்துச் செல்லப் போகும் குழி முனைத் தோட்டாவில் 50. இரண்டிலும் சிக்கல் வரக்கூடாது. வந்தால் முதலில் மேகசினை மாற்றிப் பாருங்கள், குற்றவாளி அதுவாக இருக்கலாம். வீட்டில் தினமும் பத்து நிமிடம் தோட்டா இல்லாமல் உருவுவதும் விசையை அழுத்துவதும் பழகுங்கள். அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. பயிற்சி முடிந்தால் முடிந்ததுதான். தோட்டா நிரப்பியபின் ‘இன்னும் ஒரே முறை’ என்று அழுத்துவதில்தான் சுவரும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஓட்டையாகின்றன. ரேஞ்சிலிருந்து வந்ததும் ஈயத்தூள் போகக் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

தினமும் இரவில் தோட்டாவை எடுத்துக் காலையில் அதையே மறுபடி ஏற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒவ்வொரு முறை ஏறும்போதும் முனை இடிபட்டுக் குண்டு குப்பிக்குள் சிறிது சிறிதாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் அபாயமான அளவுக்கு ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள்.

பயணம்

உங்கள் மாநில உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். பென்சில்வேனியா உரிமத்தோடு பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள் போனால் அது கடுமையான குற்றம். நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாய் ஆகியவையும் பிற மாநில உரிமத்தை ஏற்பதில்லை. கடந்துபோக வேண்டியிருந்தால் தோட்டாவை நீக்கி, பூட்டிய பெட்டியில், காரின் பின்பகுதியில் கைக்கு எட்டாமல் வையுங்கள். தபால் நிலையத்துக்கும் கூட்டாட்சி அலுவலகங்களுக்கும் எந்த உரிமமும் செல்லாது. கோயிலுக்குப் போகும் முன் அந்த மாநிலத்தின் வழிபாட்டிடச் சட்டத்தையும் வாசலில் உள்ள அறிவிப்பையும் படியுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ரேஞ்சுக்கு எடுத்துப் போன பையை எந்நாளும் விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். தையல் மடிப்பில் மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும், ஆயுதச் சட்டம் 1959 இன் கீழ் வழக்காகும். தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். அதற்குள் திரும்பும் டிக்கெட்டும் விடுப்பும் போயிருக்கும். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்து, அதன் மேல் பெரிய எழுத்தில் ‘ரேஞ்ச்’ என்று எழுதி, பெட்டகத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள்.